ஆயத்தச் சொற்றொடரும் அயலார் நட்பும்

விளையாட்டுக் கருவியை ஆராய்வது கற்றோர்க்கு ஏற்ற பணியா எனச் சிலர் வினவக்கூடும். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத நால்வரை ஒரே களத்தில் நிறுத்தி உரையாட வைத்த விளையாட்டு ஒன்று உண்டென்றால், அதனை ஆராய்வது மொழியை ஆராய்வதன்றி வேறென்ன?

ஜப்பானியச் சேகா நிறுவனம் 1998 நவம்பரில் டிரீம்காஸ்ட் என்னும் கருவியை வெளியிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டும் மோடம் அதனுடனேயே வந்தது. அந்நிறுவனம் முந்திய கருவிகளுக்கும் மோடம் விற்றதுண்டு; ஆனால் அவை தனி விலை கொடுத்து வாங்க வேண்டிய துணைக்கருவிகள். எல்லார் வீட்டிலும் இருக்கும் என நம்ப முடியாத துணைக்கருவியை நம்பி எவரும் பெரிய விளையாட்டை ஆக்கத் துணியார். மோடத்தைப் பொறுத்தமட்டில் இத்தடை நீங்கிற்று. விசைப்பலகையோ தனிச் சரக்காகவே நின்றது. இக்குறையிலிருந்தே ஓர் அரிய பயன் விளைந்தது.

யூஜி நாக்காவின் தலைமையில் சோனிக் டீம் குழுவினர் ஆக்கிய ‘ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன்’ 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. இதில் விசைப்பலகை இல்லாதவன் ஆயத்தமாக உள்ள சொற்களையும் தொடர்களையும் பொறுக்கிக் கோத்துப் பேசலாம். ஜப்பானியச் சிறுவன் கோத்த தொடர் செருமானியன் திரையில் செருமானிய மொழியில் தோன்றும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியனவும் இதில் அடங்கும். சொல்லும் போதாதெனில், கோடும் வட்டமும் சேர்த்து முகம் வரைந்து அனுப்பவும் வழியுண்டு.

இதனை மொழிபெயர்ப்பு என்று புகழ்வோர் மிகைபடக் கூறுகின்றனர். முன்பே எழுதி வைத்த தொடரை வேறு மொழியில் காட்டுவதுதான் நிகழ்கிறது. “உதவி செய்”, “வழி எது” என்பன போன்ற தேவைகளுக்கு இது போதும். உன் ஊர் எது, உன் தாய் என்ன சமைத்தாள் என்று கேட்க வேண்டின் போதாது. நம் நாட்டுச் சந்தை மலாயும் கொடுக்கல் வாங்கலில் பிறந்ததே. ஆயினும் அது மக்கள் வாயில் வளர்ந்தது. அட்டவணைச் சொல்லுக்கோ வளர்ச்சி இல்லை. எனினும் சிலவற்றைச் சொல்ல முடிவதற்கும் ஒன்றுமே சொல்ல முடியாமைக்கும் உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடந்தமையே இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு எனலாம்.

நட்பைச் சோதிக்கும் இடம் ஒன்றும் இதில் உண்டு. வீழ்ந்தவனின் கைப்படைக்கலம் தரையில் விழும். உடன் வந்தோர் எவரும் அதை எடுக்கலாம். எடுத்தவன் திருப்பித் தருவானா, ஓடுவானா? திருப்பித் தந்தவனோடு பேச ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. இவ்விதியைக் கொடிது என்பாரும் உளர். நாணயம் என்பது இழக்கக்கூடிய பொருள் இருக்கும்போதுதான் வெளிப்படும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பழுது வேறிடத்தில் இருந்தது. வீரனின் படைக்கலமும் தேர்ச்சியும் ஆடுவோன் கையிலிருந்த நினைவகத் துண்டில் பதிந்தன. 128 கிலோபைட் கொள்ளளவும், 48க்கு 32 புள்ளி கொண்ட சிறு திரையும் உடைய அத்துண்டு அழகிய பொருள்தான். ஆனால் மாணவனிடமே மதிப்பெண் ஏட்டைக் கொடுத்தனுப்பினால் என்ன நேரும்? போலிப் படைக்கலங்கள் பெருகின. முறையாக உழைத்துத் தேடியவன் சோர்ந்தான். பிறர் பதிவைக் கெடுத்து மகிழ்ந்தோரும் தோன்றினர். நாணயத்தின் மேல் கட்டிய ஆட்டத்தில் கணக்கை மட்டும் காவலின்றி விட்டது ஆக்கியோரின் பிழையே.

2001 சனவரியில் டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. பின்னர்க் கணினிக்கென வந்த ‘புளூ பர்ஸ்ட்’ பதிப்பில் வீரர்களின் கணக்கு நிறுவனத்தின் சேவையகத்திலேயே வைக்கப்பட்டது. கணினி முன் அமர்வோர்க்கு விசைப்பலகையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரவர் தம் மொழியில் தட்டச்சு செய்தனர், அம்மொழி அறிந்தாரோடு.