படுகளத்தில் விடியும் கூத்து

ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி', இத்தனூண்டு மேடையில் பிரான்ஸின் போர்க்களத்தைக் காட்டத் துணிந்ததற்கு மன்னிப்புக் கேட்டபடிதான் தொடங்கும். நம் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துக்கு அந்தச் சங்கடமே இல்லை. கோயிலை ஒட்டிய பொட்டல்தான் குருக்ஷேத்திரம்.

சென்னையை அடுத்த சென்னீர்குப்பத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்துக் காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் போனால், கோடையில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை கூத்து. விடிய விடிய எதற்கு என்று கேட்பவர்கள் பதினெட்டாம் போர் முடிகிற காலையைப் பார்க்க வேண்டும். மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்கிறான். வேஷம் கட்டிய வீமனும் துரியோதனனும் அவனைச் சுற்றி ஓடுகிறார்கள். முகவீணை அலறுகிறது. தொடையில் அடி விழுந்ததும் உள்ளே புதைத்த சிவப்பு நீர் பீறிடுகிறது. பாஞ்சாலி கூந்தலை முடிகிறாள். இரவெல்லாம் உட்கார்ந்திருந்த சனம் எழுந்து கும்பிடுகிறது. துகிலுரியும்போது அவிழ்ந்த கூந்தலுக்காகப் பல இரவுகள் காத்திருந்தவர்கள் அவர்கள். இரண்டு மணி நேர நாடகத்தால் அந்தக் காத்திருப்பைத் தர முடியாது.

ஆனால் ஒலிபெருக்கி கூத்தைக் கெடுத்துவிட்டது. திரையை விலக்கி, வேகச் சுழற்சியான கிறுக்கி சுற்றி வர வேண்டிய கர்ணன், மைக் முன்னால் வந்து நின்றுவிடுகிறான். பாட்டு காதைப் பிளக்கிறது, ஆட்டம் சுருங்குகிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் கேலியும் பல இடங்களில் அதிகாரத்தை விட்டுவிட்டுப் பெண்களைச் சீண்டுவதில் வந்து நிற்கிறது. நல்ல கட்டியங்காரன் ராஜாவையே மடக்குவான். அந்தத் திறமை இருக்கும்போது இந்த மலிவு எதற்கு?

இவற்றைவிடப் பெரிய குறை களத்துக்கு வெளியே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்களை உள்ளே விட மறுத்த தகராறில், 2023 ஜூனில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சபை நடுவே ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்தை ஆண்டுதோறும் அழுது பார்க்கிற மரபில், பக்கத்துத் தெருக்காரரை வாசலில் நிறுத்துவது அந்தக் கதைக்கே செய்கிற துரோகம்.

நகரத்து அரங்குகளில் இந்த வாசல் தடை இல்லை. கூத்தைப் புதுப்பிக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் பெண்பிள்ளைகளையும் ஆடவைத்தது. புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர்கள் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டையும் கூத்தாக்கிக் காட்டினார்கள். இந்த முயற்சிகளை மதிக்கிறேன். ஆனாலும் அரங்கில் மண் துரியோதனனைக் கிடத்த முடியாது. பல இரவுகள் கூடவே விழித்த ஊரும் அங்கே இருக்காது. அதனால் என் கோரிக்கை ஊர்க்களத்திடம்தான்: மைக்கை ஓரம் தள்ளுங்கள், பெண்களை ஆடவிடுங்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் முன்வரிசையில் பாய் விரிக்க இடம் கொடுங்கள்.