வைப்புமுறையும் பொருளும்: இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஒலிப்பதிவும் திருச்சி – திருவரங்கப் பாடுமரபுகளும்

ஆய்வுச் சுருக்கம்

மேலை இசைக்குழுவும் குரலிசையும் இணைந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ 2005-இல் வெளிவந்தது. அதனை ஓதுவார் மரபுப் பதிவுகளோடு ஒப்பிட்டு, பதிகங்களின் வைப்புமுறை மாறும்போது நூற்பொருள் கொள்ளும் மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருவாசகம், முற்றோதல், ஒரட்டோரியோ, வைப்புமுறை, அரையர் சேவை

முன்னுரை

திருவாசகம் 51 பகுதிகளும் 658 பாடல்களும் கொண்டது. அதனை முதலிலிருந்து இறுதிவரை ஒரே நாளில் பாடும் முற்றோதல் தமிழகமெங்கும் நிகழ்கிறது. போற்றித் திருவகவலில் திருப்பராய்த்துறையும் சிராப்பள்ளியும் அடுத்தடுத்துப் போற்றப்படுகின்றன. ஆதலின், திருச்சிராப்பள்ளி வட்டாரத்து அடியவர் முற்றோதலில் தம் ஊர்ப்பெயரையும் கேட்கின்றனர்.

இளையராஜாவின் ஆக்கம் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. இதில் இடம்பெறும் ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் சுவார்ட்ஸ். ‘சிம்பொனி’ எனப் பரவலாக வழங்கப்பெறினும் வடிவத்தால் இது ஒரட்டோரியோ ஆகும். அதாவது, சமயப் பொருளைத் தனிக்குரல், குழுக்குரல், இசைக்குழு ஆகியவற்றால் நாடகப் போக்கில், மேடை நடிப்பின்றி இசைப்பது. இவ்வாக்கத்தை மரபுமீறல் என்றோ உலகளாவிய சாதனை என்றோ மட்டும் மதிப்பிட்டால், பனுவலைத் தெரிந்தெடுத்து அடுக்கிய முறை கவனம் பெறாது போகும்.

ஓதுவார் பதிவுகளில் இசையின் இடம்

தருமபுரம் ப. சுவாமிநாதன் முதலிய ஓதுவார்களின் ஒலிப்பதிவுகள் வழியாகப் பலரும் திருமுறை இசையை அறிவர். திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகன இராகத்தில் பாடுவது ஓதுவார் மரபு. இராகம் மாறாது நிற்பதால் கேட்பவரின் கவனம் சொல்லின்மேல் நிலைக்கிறது; அச்சம், வியப்பு, இரங்கல் ஆகியவற்றின் வேறுபாட்டைச் சொல்லே உணர்த்துகிறது. ஒரட்டோரியோவில் இப்பணியை இசையும் பங்கிட்டுக்கொள்கிறது. குழுக்குரல் எழும்போது தனியொருவரின் விண்ணப்பம் பலரது விண்ணப்பமாக விரிவது இவ்வாக்கத்தின் சிறப்பு.

மாறிய வரிசை

ஒலிப்பதிவின் ஆறு பாடல்களும் முறையே யாத்திரைப் பத்து (45), சிவபுராணம் (1), திருக்கோத்தும்பி (10), பிடித்த பத்து (37), திருப்பொற்சுண்ணம் (9), அச்சப்பத்து (35) ஆகியவற்றைச் சார்ந்தவை. ‘பொய்யை விட்டுப் புறப்படும் காலம் வந்தது’ என அடியவரை அழைக்கும் யாத்திரைப் பத்து நூலின் இறுதிப் பகுதியை ஒட்டி அமைந்தது. இங்கு அது தொடக்கமாகிறது. சிவபுராணம் வாழ்த்தில் தொடங்குவது. இங்கோ பாடற்பகுதி அதன் 25-ஆம் அடியான தன்னிரக்கத்தில் தொடங்குகிறது. மனிதனின் சிறுமை முதலில் ஒலிப்பதால் நாடகப் போக்கு வலுப்பெறுகிறது. ஆனால் வாழ்த்தியபின் தன் இயலாமையை உணரும் மூலத்தின் படிநிலை நெகிழ்கிறது.

முடிவில் இம்மாற்றம் மேலும் தெளிவாகிறது. நூல், பெற்ற அருளை எண்ணி வியக்கும் அச்சோப் பதிகத்தில் நிறைவுறுகிறது. ஒலிப்பதிவோ, கொடிய எவற்றுக்கும் அஞ்சாதவர் அன்பிலாரைக் கண்டு அஞ்சும் அச்சப்பத்தில் நிறைவுறுகிறது. இதனால் வியப்புக்கு மாறாக, அன்பரையும் அல்லாரையும் பிரிக்கும் அச்சம் இறுதிச் சொல்லாகிறது.

திருவரங்கம் தரும் அளவுகோல்

வரிசையே பொருளாகும் நிகழ்த்துமரபு ஒன்று காவிரியின் மறுகரையில் உள்ளது. திருவரங்கத்து அத்யயன உற்சவத்தின் இராப்பத்தில் நாளொன்றுக்கு ஒரு பத்தாகத் திருவாய்மொழி முறையே சேவிக்கப்பட்டு, நம்மாழ்வார் மோட்சத்தில் நிறைவுறுகிறது. அரையர் சேவையில் இசையும் அபிநயமும் வியாக்கியானமும் இணையினும் பாசுர வரிசை பிறழ்வதில்லை. மோட்சக் காட்சி முன்னே வருமாயின் விழாவின் பொருளே மாறிவிடும். இசையைப் புதிதாக்குவதும் வரிசையை மாற்றுவதும் வேறுவேறு செயல்கள் என்பதை இம்மரபு புலப்படுத்துகிறது.

முடிவுரை

திருவாசகத்தின் வைப்புமுறை தொகுத்தோரால் அமைந்தது என்ற கருத்தும் உண்டு. அதனை ஏற்பினும் முற்றோதும் அடியவர் காலங்காலமாகப் பொருள்கொண்டது அவ்வரிசையிலேயாம். எனவே இளையராஜாவின் ஆக்கத்தைத் திருவாசகத்தின் இசைவடிவம் என்பதினும் திருவாசகத்துக்கு இசையால் எழுதப்பட்ட ஓர் உரை எனக் கொள்வதே பொருந்தும். உரை மூலத்தை விளக்கலாம். மூலத்தின் இடத்தில் நிற்க இயலாது. இவ்வொலிப்பதிவின் வழியாக மட்டுமே திருவாசகத்தை அறிந்தோர் முற்றோதலையும் கேட்கும்போதுதான் இவ்வுரையின் துணிவும் அதன் இழப்பும் ஒருங்கே விளங்கும்.