டிரம்மரைப் பாருங்கள்

ராக் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி, இன்றைக்கு மேடையைத் தூக்கி நிறுத்தியது யார் என்று கேட்டால் கிதார்காரர் பெயர் வரும். கொஞ்சம் யோசித்தால் பாடகர் பெயரும் வரும். பின்வரிசையில் பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே பாதி மறைந்து உட்கார்ந்திருப்பவரின் பெயர் பலருக்குத் தெரிந்தே இருக்காது. கிரிக்கெட்டிலும் இதே கதைதான். சிக்ஸர் அடித்தவரின் படம் மறுநாள் பேப்பரில் வரும். எதிர்முனையில் மணிக்கணக்காக விக்கெட்டைக் காத்து நின்றவரைப் பற்றி இரண்டு வரி வந்தால் அதிகம். ஆனால் நேரடி ப்ளூஸும், அதன் வயிற்றில் பிறந்த 60கள், 70களின் ராக்கும் டிரம்மரும் பேஸ் கிதார்காரரும் சேர்ந்து ஜெயிக்கிற, அல்லது தோற்கிற ஆட்டம். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி மேடைகளில் நான் கேட்ட குழுக்கள் சரிந்ததெல்லாம் இந்த இருவரிடம்தான்.

ப்ளூஸின் சட்டகம் மிக எளிது. 12 பார், பாருக்கு 4 அடி, ஆக 48 அடி. நம் கணக்கில் ஆதி தாளத்தின் 6 ஆவர்த்தனம். முதல் 4 பார் ஷட்ஜத்தில் நிற்கும். 5, 6 மத்யமத்துக்குப் போகும். 7, 8 ஷட்ஜத்துக்குத் திரும்பும். 9ல் பஞ்சமம், 10ல் மத்யமம், 11, 12ல் மறுபடி ஷட்ஜத்தில் இறங்கி அடுத்த சுற்றுக்குத் தயாராகும். மேடையில் இருப்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் இது முன்பே தெரியும். எங்கே போகப்போகிறோம் என்பதில் ரகசியமே இல்லை. எப்போது போய்ச் சேருகிறோம், எவ்வளவு தயங்கிப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஷஃபிள் என்று சொல்லும் நடையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் திஸ்ர நடைதான். ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ளதை வாசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த விடப்பட்ட இடத்தை எவ்வளவு அகலமாகத் திறந்து வைப்பது என்பது டிரம்மரின் கையெழுத்து. ஒருவர் சோம்பலாக இழுப்பார், ஒருவர் இறுக்கிப் பிடிப்பார். அதே 12 பார், அதே மூன்று கார்டு. கேட்கிறவரின் தோள் ஆடுவது மட்டும் வேறு.

இன்னொன்று, ஸ்நேர் டிரம்மின் அடி விழுவது பாரின் 2லும் 4லும். நம் கை சமத்தில் தட்டிப் பழகிய கை. சென்னைக் கூட்டம் உற்சாகமானால் தன்னையறியாமல் 1லும் 3லும் தட்ட ஆரம்பித்துவிடும். மேடையில் இருப்பவர்களுக்கு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற பாடு. இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர் ஹாரி கானிக் ஜூனியர் ஒருமுறை பிரான்சில் வாசித்தபோது கூட்டம் இப்படித்தான் தட்டியது. அவர் நிறுத்தவில்லை, திட்டவில்லை. நடுவில் ஒரே ஓர் அடியைக் கூடுதலாக நுழைத்தார். கூட்டம் தட்டியபடியே இருந்தது, ஆனால் கைதட்டல் 2லும் 4லும் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னால் இருந்த டிரம்மர் உடனே புரிந்துகொண்டார். நேரடி நிகழ்ச்சியில் இதைவிட அழகான ஒரு தந்திரத்தை நான் அறியேன்.

2003 ஏப்ரல் 4, பெங்களூரு பேலஸ் மைதானம், ரோலிங் ஸ்டோன்ஸ். அந்தக் காலத்தில் பெரிய குழு எது வந்தாலும் பெங்களூருக்கோ பம்பாய்க்கோதான் வரும், தாம்பரத்துக்காரன் சென்ட்ரலுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். பெரிய திரைகளில் மிக் ஜாகரின் ஓட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணை அங்கிருந்து பிடுங்கி சார்லி வாட்ஸ் மேல் வைத்தவர்களுக்கு வேறொரு கச்சேரி கிடைத்தது. அவருக்கு அப்போது 61 வயது. ராக் டிரம்மர் என்றால் மலை மாதிரி அடுக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு மாறாக, சின்ன செட். எல்லோரும் வலது கையால் ஹைஹாட் என்ற ஜோடித் தட்டை விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள், ஸ்நேர் விழும்போதும் அது சேர்ந்து ஒலிக்கும். வாட்ஸ் 2லும் 4லும் வலது கையை எடுத்துவிடுவார். ஸ்நேர் தனியாக விழும். அதைச் சுற்றி ஒரு துளி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் மூச்சு விடுகிறது. பெரும்பாலான குழுக்களில் எல்லோரும் டிரம்மரைப் பின்தொடர, இங்கே டிரம்மர் ரிச்சர்ட்ஸைப் பின்தொடர்ந்தார் என்று அந்தக் குழுவில் முப்பதாண்டு பேஸ் வாசித்த பில் வைமன் விளக்கியிருக்கிறார். அதனால்தான் ஸ்டோன்ஸின் தாளத்தில் எப்போதும் ஒரு மெல்லிய ஆட்டம். விழுந்துவிடும் போல இருக்கும், விழாது. வாட்ஸ் 2021 ஆகஸ்டில் மறைந்தார். குழு தொடர்ந்து வாசிக்கிறது. அந்த வெற்றிடம் மட்டும் இனி யாருக்கும் வராது.

பழைய நேரடி ஒலிப்பதிவுகளையும் இந்தக் காதோடு மறுபடி கேட்கலாம். 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான பி.பி. கிங்கின் கச்சேரியில் அவர் பாடும்போது கிதார் வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். குரலும் கிதாரும் மாறி மாறிப் பேசும்போது நடுவில் தரை நழுவாமல் பார்த்துக்கொள்வது டிரம்மர் சானி ஃப்ரீமனும் பேஸ் வாசித்த லியோ லாச்சியும். 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் பதிவான கச்சேரியில் ஆல்மன் பிரதர்ஸுக்கு இரண்டு டிரம்மர்கள். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான டீப் பர்பிளின் நேரடி ஆல்பத்தை பர்மா பஜார் கேசட்டில் தேயத் தேயக் கேட்ட தலைமுறை ஒன்று இந்தப் பக்கம் உண்டு. அவர்களில் பலருக்கு ரிச்சி பிளாக்மோரின் சோலோ மனப்பாடம். இடது கைக்கார டிரம்மர் இயன் பேய்ஸ் அதே இடங்களில் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். சோலோவைவிட அது சுவாரஸ்யம்.

நம் தென்புறநகருக்கு இந்த விஷயம் புதிதல்ல. பரங்கிமலையிலும் பல்லாவரம் வெட்டரன் லைன்ஸிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. 1931ல் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள் அவை. ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன இரவுகளுக்கு வாசிப்பதென்பது அந்தச் சமூகத்தின் வாழ்க்கையில் ஒரு பகுதி. நடனத்துக்கு வாசிக்கிறவர் வேகத்தை ஏற்றினால் ஆடும் ஜோடியின் கால் பின்னிக்கொள்ளும். தப்பு உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைவிடக் கடுமையான ஆசிரியர் தாளத்துக்கு உண்டா? மெட்ராஸ் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் மேற்கத்திய வாத்தியங்களோடு உட்கார்ந்தவர்களில் இந்தச் சமூகத்தார் கணிசம். டிரம்ஸ் சிவமணி தனக்கு ஊக்கமாக இருந்தவர் என்று சொல்லும் பெயர்களில் ஒன்று டிரம்மர் நோயல் கிரான்ட். சிவமணியும் கேரளத்து கிதார்காரர் ஜான் ஆன்டனியும் சுரேஷ் பீட்டர்ஸும் இளம் ஏ.ஆர். ரஹ்மானும் 80களில் ரூட்ஸ் என்ற குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, காதில் அடியை எண்ணிக் காட்டும் க்ளிக் வந்தது. இன்று பல மேடைகளில் பாதி இசை முன்பே பதிவான ட்ராக்கில் ஓடுகிறது. சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தலாம். ப்ளூஸுக்கு விஷம். பாடகர் ஒரு சொல்லில் கூடுதலாக நின்றால் க்ளிக் நிற்காது.

தாம்பரத்துக்கு வருவோம். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் பாரிமுனையை விட்டு இங்கே வந்தது. காடு மாதிரி வளர்ந்த அந்த வளாகத்தில் நடக்கும் டீப் உட்ஸ் கல்ச்சுரல்ஸும், கிண்டி ஐஐடி திறந்தவெளி அரங்கின் சாரங் ராக் இரவும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக டிஸ்டார்ஷன் கிதாரை நெஞ்சுக்கூட்டில் உணர்ந்த இடங்கள். கல்லூரிக் குழுக்களின் ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான் அவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பாட்டு நல்ல நடையில் தொடங்கும். கிதார் சோலோ வந்ததும் கிதார்காரர் சூட்டில் முன்னால் பாய்வார். டிரம்மர் அவரைத் துரத்துவார். பாட்டு முடியும்போது ஆரம்பித்த வேகத்துக்கும் முடித்த வேகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கூட்டம் கத்தும், குழு ஜெயித்துவிட்டதாக நினைக்கும். ஆனால் அடுத்த பாட்டுக்கு ஏறுவதற்குப் படி மீதி இருக்காது. முதல் அடியிலேயே எல்லோரும் முழுச் சத்தத்தில் இருப்பதால் சத்தத்திலும் ஏற இடமில்லை.

இதில் பிள்ளைகளின் தவறு பாதிதான். போட்டியில் டிரம் செட் பொது. முந்தைய குழுவின் டிரம்மர் வைத்த உயரத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மானிட்டர் ஸ்பீக்கர் பெரும்பாலும் பாடகருக்கு மட்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் பேஸ் கிதார்காரருக்கு டிரம்ஸ் சத்தம் நொடியில் 100ல் 3 பங்கு தாமதமாக வருகிறது. அவர் அதைக் கேட்டு வாசித்தால் டிரம்மருக்கு அந்த பேஸ் இன்னும் தாமதமாகக் கேட்கும். நடை குழைவது இங்கேதான். தீர்வுக்குப் பைசா செலவில்லை. பேஸ் வாசிப்பவர் மேடையின் முனைக்குப் போகாமல் ஹைஹாட் பக்கத்தில், டிரம்மரின் வலது காலைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். தேர்ந்த குழுக்களில் அவர் அங்கேயேதான் நிற்பார்.

அடுத்தது மணி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விதியில் எனக்குக் குறை இல்லை, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். ஆனால் சவுண்ட் செக் இழுத்து, விருந்தினர் உரை இழுத்து, முக்கியக் குழு மேடையேறும்போது மணி எட்டரை தாண்டியிருக்கும். பத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் மேடையோரத்தில் ஒருவர் கையைச் சுழற்றிக் காட்டுவார். அப்போது முதலில் வெட்டுப்படுவது மெதுவான ப்ளூஸ். அந்த இரவின் உயிரே அதில்தான் இருந்திருக்கும். கூட்டமும் தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் என்று கடைசி மின்சார ரயிலை நினைத்து நகர ஆரம்பித்திருக்கும்.

மெதுவான ப்ளூஸுக்கு என்ன வேண்டும் என்பதை 2011 பிப்ரவரியில் பம்பாய் பாந்த்ராவின் மெஹபூப் ஸ்டூடியோவில் நடந்த முதல் மஹிந்திரா ப்ளூஸ் விழா காட்டியது. ஷில்லாங்கின் சோல்மேட் குழு வாசித்த அதே மேடைக்கு 74 வயது ப்ளூஸ் கிதார்காரர் பட்டி கை வந்தார். பாட்டின் நடுவில் கிதார் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், தந்தி நகத்தில் உரசுவது மட்டும் கேட்கும் அளவுக்குக் கொண்டுவருவது அவருடைய பெயர் பெற்ற வித்தை. அந்த நிமிடத்தில் டிரம்மரைப் பாருங்கள். சத்தமாக வாசித்து வேகத்தைக் காப்பது யாருக்கும் வரும். குச்சி தட்டைத் தொடுகிறதா இல்லையா என்ற அளவில் வாசித்து, வேகம் துளியும் தளராமல் நிற்பதற்கு ஓர் ஆயுள் வேண்டும். கூரையும் சுவரும் உள்ள, ஒலி சிதறாத இடமும் வேண்டும்.

அது இங்கே இல்லை. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தெருவுக்குத் தெரு கல்யாண மண்டபம் உண்டு. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒரு ஸ்நேர் அடியை நான்காகத் திருப்பித் தரும். வேளச்சேரி மால் முற்றத்தில் வாசிக்கிறார்கள், கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு விழாவோடு வாசிக்கிறார்கள், இரண்டும் திறந்தவெளி. பனையூரில் 2023 செப்டம்பரில் ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களைக் கேட்டால் பெரிய மைதானங்களின் கதை தெரியும். எனக்கு 300 பேர் உட்காரும் ஒரு கூடம் போதும், தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில்.

கேட்கத் தெரிந்தவர்களும் வாசிக்கத் தெரிந்தவர்களும் இங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடம் கர்நாடக இசை கற்று, சென்னை ஐஐடியில் படித்த கிதார் பிரசன்னா, 2006ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் ஆல்பமே செய்தார். 2010ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்யூர் பக்கம் தொடங்கிய ஸ்வர்ணபூமி இசைக் கல்விக்கூடத்துக்கும் அவரே தலைவராக இருந்தார். மிருதங்கத்தோடு வளர்ந்த காது அவருடையது. அவர் கிதாரை வளைக்கும்போது தாளம் எங்கே இருக்கிறது என்று உள்ளே ஒரு கை தட்டிக்கொண்டிருப்பது நமக்கே தெரியும்.

அடுத்த கல்ச்சுரல்ஸ் சீசனுக்குப் போட்டி நடத்துகிறவர்களிடம் மூன்று கோரிக்கை. சிறந்த கிதார், சிறந்த குரல் என்று தனித்தனியாகப் பரிசு தருகிறீர்கள். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் சேர்த்து, ஜோடிக்கென்று ஒரு பரிசு வையுங்கள். ஒவ்வொரு குழுவும் நிமிடத்துக்கு 60 அடிக்கு மேல் போகாத ஒரு 12 பார் ப்ளூஸையாவது வாசிக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். நடுவர் நாற்காலியை மேடைக்கு நேராகப் போடாமல் டிரம்மரின் கால் தெரியும் பக்கமாகப் போடுங்கள்.