மடக்குக் கத்தியின் பேச்சு

பழைய சாமான் கடையில் ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது. துருவுக்கு அடியில் ‘சோலிங்கன்’ என்ற ஊர்ப்பெயர் பாதி தெரிந்தது; பிடி கொம்பு. எண்ணெய் தொட்ட எமரித் தாளால் தேய்க்கத் தேய்க்க, செங்கல் நிறம் கரைந்து குளத்துநீர் மாதிரி ஒரு வெளிச்சம் மேலே வந்தது. சில கரும்புள்ளிகள் மட்டும் போகவில்லை. அவற்றையும் எடுக்கப்போனால் இரும்பு மெலிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். வயதானவர் முகத்தில் தழும்பு இருந்தால் என்ன!

அடுத்தது கல். தண்ணீர் தெளித்த சாணைக்கல்லில் கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் படியவேண்டும். அழுத்தக் கூடாது, அதன் எடையே போதும். முதலில் கரகரவென்று முரண்டு பிடிக்கும். போகப்போக அந்தச் சத்தம் பட்டுப்புடவை உரசுவதுபோல் ஆகிவிடும். அப்புறம் தோல்வார். முதுகு முன்னே, வாய் பின்னே. வாரின் முனையில் கத்தியை முதுகின் மேலேயே புரட்டித் திருப்ப வேண்டும். அந்தக்கால சலூன் நாற்காலியில் தொங்கிய வாரில் ‘சப்... சப்...’ என்று கேட்ட தாளம் இதுதான். சோப்பு நுரையில் ஊறிய கன்னத்தைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக் கத்தியைச் சாய்த்து இறக்கினால், மெல்லிய அந்தத் தகடு ஒவ்வொரு மயிருக்கும் சன்னமாகக் கிணுகிணுக்கிறது. காதருகே அந்தச் சத்தம் கேட்கும்போது அவசரம் தானாகவே அடங்கிவிடுகிறது. மேலுதடு மட்டும் எனக்கு இன்னும் வசப்படவில்லை. நீங்கள் தொடங்குவதானால் கன்னத்தில் தொடங்குங்கள். படிகாரக் கட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.