இடது கை: ஓர்கன் வாசிப்பின் வழிமரபுகள் பற்றி

நம் மன்ற மலருக்குக் கட்டாயம் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று தலைவர் ஹாஜியார் கேட்டபிறகு மறுக்க வழியில்லை. நம் மன்றத்தில் யார் யாரிடம் பெட்டி பழகினார், எந்தக் குழு எந்தக் குழுவிலிருந்து பிரிந்தது என்பதெல்லாம் இதைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஹார்மோனியம், ஓர்கன் போன்ற கட்டை வாத்தியங்களை வாசிப்பவரை இடது கையை வைத்துத்தான் மதிக்கவேண்டும். எங்களுக்கு ஓர்கன் பழக்கிய மர்ஹூம் மாஸ்டர் சொல்லித்தந்த அளவுகோல் இது. வேறெந்த அளவுகோலும் எனக்கு இதுவரை சரிப்பட்டு வரவில்லை.

ஹார்மோனியத்தில் வலது கை சுரத்தைத் தொடும். துருத்தியை இழுத்து மூச்சு கொடுப்பது இடது கை. அந்த மூச்சை அறியாமல்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே சுரம் வழுக்காது, கமகம் பேசாது என்பது குற்றச்சாட்டு. 1971இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. குற்றச்சாட்டு முழுக்கப் பொய் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதே காலத்தில் மேற்கே அதற்குப் பதில் தயாராகிக்கொண்டிருந்தது.

1970இல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரில் கட்டைகளுக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரங்கள் இருந்தன. ஒன்றை உருட்டினால் சுரம் வளையும், மற்றது அதை நடுங்கவைக்கும். துருத்தி போட்ட கைக்கு மறுபடி வேலை வந்தது. புரோகிரசிவ் ரொக் கலைஞர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கீத் எமர்சன் தன் பெரிய மூக் சிந்தசைசரில் நாடா ஒன்றின்மேல் விரலை இழுத்துச் சுரத்தை ஓடவிட்டார். ரிக் வேக்மன் லண்டன் றோயல் இசைக் கல்லூரியில் படிப்பை முடிக்காமலே வெளியேறி, ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வாசித்து, 1971இல் 'யெஸ்' குழுவில் சேர்ந்தவர். நடிகர் ஜாக் வைல்ட் தன் மினிமூக்கை அரைவிலைக்கு அவருக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் கேட்கிறது, சாமான் பழுது என்பது வைல்டின் எண்ணம். ஒற்றைச் சுரம் என்பது அந்தக் கருவியின் இயல்பு என்று வேக்மனுக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: பாடகர் கெட் ஸ்டீவன்ஸ், அதாவது பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய யூசுப் இஸ்லாம், 1971இல் வெளியிட்ட 'மோர்னிங் ஹேஸ் புரோக்கன்' பாட்டில் பியானோ வாசித்தவரும் இதே வேக்மன்தான்.

தமிழில் இந்தக் கட்டை வாத்திய வழி இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரின் வீட்டுக்கூடாகத்தான் வருகிறது. இளையராஜா அங்கே படித்தார், ஏ.ஆர். ரஹ்மானும் படித்தார். ரஹ்மானின் தகப்பன் ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது பிள்ளைக்கு ஒன்பது வயது. தகப்பனுடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. சின்ன வயதிலேயே அவர் மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் ஓர்கன் வாசித்தார். சிவமணியும் ஜோன் அந்தோணியும் இருந்த 'றூட்ஸ்' குழுவில் ரொக்கும் வாசித்தார். 1992இல் அவர் இசையமைத்த 'ரோஜா' படம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னரே 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமிய கீதத் தொகுப்புக்கு அவர் இசையமைத்ததை நம் பையன்களில் எத்தனை பேர் அறிவார்கள்? இஸ்லாமியப் பாடகர் நாகூர் ஹனிபாவின் குரலில் வளர்ந்த நம் காதுகளுக்கு அந்த வரிசை அந்நியமில்லை.

2009இல் 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில் ரஹ்மான் கண்டினியம் என்ற கருவியை வாசித்தார். அதில் தனித்தனிக் கட்டைகள் கிடையாது. மெத்தென்ற ஒரு பரப்பு, விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும். ட்ரீம் தியேட்டர் குழுவின் ஜோர்டன் ரூடெஸும் இதே கருவியை வாசித்திருக்கிறார். ஹார்மோனியத்தின் மேல் 1940இல் வைத்த குற்றச்சாட்டுக்குக் கட்டை வாத்தியக்காரர்கள் சொன்ன முழுப் பதில் இது என்றே நான் கொள்கிறேன்.

நம் மாஸ்டர் கண்டினியத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவருடைய ஓர்கனின் சக்கரத்தில் இந்த வழுக்கலெல்லாம் இருந்தது. பைத் என்ற இஸ்லாமியப் பாட்டில் பாடுகிறவர் இழுக்கும் இடத்தில் பெருவிரலால் சக்கரத்தை ஒரு மயிரிழை கீழே இறக்கி, குரல் வந்து சேரும்வரை அங்கேயே நிறுத்திவைப்பார். பிறகு அதை விடுவது கேட்கவே கேட்காது. சக்கரத்தைத் தொட எங்களை அவர் இலேசில் விடவில்லை. முதலில் ஒரே பாட்டை எல்லாச் சுருதியிலும் வாசித்துக் காட்டவேண்டும், கறுப்புக் கட்டையில் தொடங்குகிற சுருதி உட்பட. மாரியில் கிட்டங்கிப் பாலத்தின் மேலால் வெள்ளம் பாய்கிற நாட்களிலும் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பழக்கச் சவளக்கடைக்கு வந்துவிடுவார். ஒரு கலியாண வீட்டில் பாட்டு நடுவே கரண்ட் போனபோது ஓர்கனை விட்டு ஹார்மோனியத்துக்குத் தாவினார். பாடகர் களைத்திருப்பதைக் கண்டு அடுத்த பாட்டுக்குச் சுருதியை ஒரு கட்டை இறக்கியும் கொடுத்தார். சபையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மேடையில் நடப்பதைச் சொல்லவேண்டும். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. திறமையான தம்பிமார் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலைப்பளுவும் இருக்கிறது. ஆனாலும் ஓர்கனில் சுருதியை மாற்றித்தரும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் நம் கலையைத் தின்றுவிட்டது. சி மேஜர் ஒன்றைப் பழகிக்கொண்டு, பாடகர் எந்தச் சுருதி கேட்டாலும் பொத்தானை அமுக்குகிறார்கள். ஓர்கனிலேயே பதிந்திருக்கும் ஸ்டைலை ஓடவிட்டால் தாளமும் வந்துவிடும், பேஸும் வந்துவிடும். இடது கை கைபேசியில் இருக்கிறது. சக்கரத்தில் தூசி. பாடுகிறவரும் தன் சுருதியைத் தேடுவதை விட்டுவிட்டார். பொத்தான் தேடித்தரும் என்று இருக்கிறார். பைத் சபைகளில் ஆள் குறைந்ததற்கு, களிகம்பு ஆட்டக்காரர்கள் அடியைத் தளரவிட்டதற்கு, பிள்ளைகள் இரண்டு பாட்டுக்கு மேல் உட்காராததற்கு எல்லாம் வேறு வேறு காரணம் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒரு பொத்தான்தான் காரணமாகத் தெரிகிறது. காது கெட்டால் ஊரே கெட்டுப்போகும். இதைக் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு நம் மேடையைக் கேட்கட்டும்.

மூத்தவர்களிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். நம் மன்றத்தின் அடுத்த வருடப் போட்டியில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். சுருதியைச் சீட்டுக் குலுக்கி நடுவர் அறிவிக்கட்டும். சக்கரத்துக்குத் தனிப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி மாஸ்டரின் பெயரில் இருந்தால் இன்னும் நல்லது.