எவர் கூற்று? புகுசிமா ஆவணங்களும் மக்களின் ஐயமும்

2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் சப்பான் நாட்டின் வடகீழ்க் கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. புகுசிமா முதலாம் அணுமின் நிலையத்தில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று. அணுவுலைகளைக் கண்காணிக்கும் பொறுப்புடைய ஒழுங்குமுறை நிறுவனத்தார் கூறுவதனை அந்நாட்டு மக்கள் அதன்பின் எளிதில் நம்பினாரல்லர். இந்நம்பாமை அறிவியல் அறியாமையின் விளைவு என்பார் ஒரு சாரார்; அச்சத்தின் விளைவு என்பார் பிறிதொரு சாரார். இவ்விரண்டும் ஏற்றற்குரியன அல்ல என்பது எம் துணிபு. மக்கள் தமக்குச் சொல்லப்பட்டவற்றைக் கூர்ந்து படித்தனர், படித்தமையானே ஐயுற்றனர். இதனை ஆவணங்களின் மொழிகொண்டு நிறுவ முயல்கின்றோம்.

விசாரணை அறிக்கையும் செய்தியாளர் கூட்டத்து உரையும் திறனாய்வுக்கு உரிய பொருளாகுமோ என வினவுவார் உளர். கல்வெட்டினையும் செப்பேட்டினையும் ஆராய்வது நம் துறை. மெய்க்கீர்த்தியுள் நிகழ்ச்சி எது, புகழ்ச்சி எது எனப் பிரித்துணரும் பயிற்சி நமக்கு உண்டு. அப்பயிற்சியை இக்காலத்து ஆவணத்தின்பாற் செலுத்துவதில் தடையொன்றும் இல்லை. மேலும், அகப்பாட்டொன்றைக் கையிலெடுக்கும் மாணவன் முதற்கண் கேட்கும் வினா, ‘இஃது எவர் கூற்று?’ என்பதாகும். தலைவி கூற்றாகக் கொண்டவழி ஒரு பொருளும் தோழி கூற்றாகக் கொண்டவழி வேறொரு பொருளும் தரும் பாட்டுகள் பல. கூற்று மயங்கின் பொருளும் மயங்கும். புகுசிமா ஆவணங்களுள் தலையாய குறையாக எமக்குப் படுவது இக்கூற்று மயக்கமே.

முதலில் சொற்களைக் காண்போம். மார்ச்சு 12ஆம் நாள் பிற்பகல், அணு, தொழிற்பாதுகாப்பு முகமையின் அலுவலர் ஒருவர், உலைக்கரு உருகியிருத்தல் கூடும் எனச் செய்தியாளர்முன் கூறினார். விரைவிலேயே அவரிடத்து வேறொருவர் வந்து பேசலானார். உலைக்கரு உருகுதலைக் குறிக்கும் ‘ரோசின் யோயூ’ என்ற தொடர் அருகியது. உலைக்கருப் பழுது எனப் பொருள்படும் ‘ரோசின் சொன்சோ’ என்பது பெருவழக்காயிற்று. உருகியமையைத் தோக்கியோ மின்னாற்றல் நிறுவனம் ஒப்புக்கொண்டது மே மாதத்திலேதான். உலைக்கருவில் 5 விழுக்காட்டிற்கு மேல் பழுதுற்றால் அதனை உருகுதல் என்றே அறிவித்தல் வேண்டும் என்ற வரையறை, தன் கையேட்டிலேயே இருந்தது என அந்நிறுவனம் 2016இல் வெளியிட்டது. அச்சொல்லை வழங்கற்க என அன்றைய தலைவர் பணித்திருந்தமையும் அவ்வாண்டு சூன் மாதத்தில் வெளிப்பட்டது.

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். பழுது என்ற சொல்லை மங்கலத்துள் அடக்கலாமோ எனின், அடங்காது. செத்தாரைத் துஞ்சினார் என்னும்போது பேசுவோனும் கேட்போனும் உண்மையை ஒருங்கே அறிவர். துஞ்சினார் எனக் கேட்டு, உறங்குகின்றார் போலும் என்று எழுப்பச் செல்வார் எவரும் இலர். ஈண்டோ, கேட்போர் அறியாதிருத்தலையே அச்சொல் முதலாகக் கொண்டது. வழக்கிலக்கணம் இதற்குப் பெயர் வகுக்கவில்லை; உலகியலில் மறைப்பு என்பர்.

குழூஉக்குறிக்கு வேறொரு சொல் சான்றாகும். ‘சோதெய்காய்’ என்பது விபத்திற்குப் பின் நாளிதழ்தோறும் அடிபட்ட சொல். பொறியாளர் குழுவினுள் அஃது, ‘வடிவமைப்பின்போது கணக்கிற் கொள்ளாதது’ எனப் பொருள்படும். கணக்கிற் கொள்ளாமை ஒரு வினை. அவ்வினைக்கு வினைமுதல் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது அவர்தம் பட்டறையுள் நிற்கும்வரை எவர்க்கும் கேடில்லை. இச்சொல்லோ குழுவினின்றும் வெளிப்போந்து, ‘எவராலும் எண்ணிப் பார்க்கவொண்ணாதது’ என்னும் பொருளை மேற்கொண்டது. வினைமுதல் மறைந்தது, இயற்கையே குற்றவாளியாயிற்று. உண்மை நிலை வேறு. அரசின் நிலநடுக்க ஆய்வுத் தலைமையகம் 2002இல் வெளியிட்ட மதிப்பீட்டினை அடியாகக் கொண்டு, 15.7 மீட்டர் உயரத்திற்கு அலை எழலாம் என மின்நிறுவனமே 2008இல் கணக்கிட்டிருந்தது. நிலையத்தின் காப்பு, ஏறத்தாழ 5.7 மீட்டர் உயர அலையை எதிர்நோக்கியே அமைந்திருந்தது. அக்கணக்கு முகமைக்குத் தெரிவிக்கப்பட்ட நாள் 2011 மார்ச்சு 7. இடையே நான்கு நாட்களே எஞ்சியிருந்தன.

(2022 சூன் 17இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், அரசுக்கு இழப்பீட்டுப் பொறுப்பில்லை என மூவர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2008ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுவரெழுப்பியிருப்பினும் வந்த அலை அதனினும் பெரிது என்பது காரணம். சோதெய்காய் என்னும் சொல்லின் நிழல் அத்தீர்ப்பின்மீதும் படிந்துள்ளதாகவே எமக்குத் தோன்றுகின்றது. சட்டத்தின் நுட்பத்தை வல்லார் ஆய்க.)

செப்பும் வினாவும் பற்றிய இலக்கணமும் ஈண்டுப் பயன்படும். செப்பு நேராக அமையாதாயினும் கேட்ட பொருளோடு இயைந்திருப்பின் அதனைத் தள்ளவேண்டுவதில்லை என்பது தொல்காப்பியர் கொள்கை. பிற்காலத்தார் இதனை இறை பயப்பது என்றனர். ‘இவ்வூரில் இருக்கலாமா? இப்பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?’ என மக்கள் வினவினர். உடல்நலத்திற்கு உடனடியாகத் தீங்கில்லை என்பது, அரசின் சார்பில் பேசியவர் பன்முறை அளித்த விடை. ‘தடாசினி’, அஃதாவது உடனடியாக என்னும் அடையினைக் கேட்டோர் நெடிது நோக்கினர். உடனடியாக இல்லையெனின் பின்னர் உண்டு என்பது இறை பயப்பதன் இயல்பான பயன். அடைமொழியைக் கேட்டு அதன் மறுதலையை உணர்தல் மொழியறிந்தார் செயல். இதனை மக்களின் அச்சம் என்பது, நல்ல மாணவனைப் பிழைபட்ட மாணவன் என்பதுபோலும்.

இனிக் கூற்றிற்கு வருவோம். அணுவுலையில் மின்சாரம் முற்றும் அறுபடும் நிலையைப் பற்றி அணுப் பாதுகாப்புக் குழுவின் கீழ் ஒரு செயற்குழு ஆராய்ந்து, 1993இல் அறிக்கை அளித்தது. நெடுநேர மின்னிழப்பைக் கருதவேண்டுவதில்லை, முப்பது மணித்துளி அளவே போதும் என்பது அன்றைய நெறி. அதற்குரிய காரணத்தை எழுதித் தருமாறு 1992இல் மின்நிறுவனத்தாரையே குழுவின் பக்கத்தார் வேண்டியிருந்தனர். இதனைக் காட்டும் ஆவணங்கள் 2012 சூனில் வெளிவந்தன. வேண்டுகோளில் ஆண்ட சொல் ‘சகுபுன்’. பள்ளிச் சிறுவர்க்கு ஆசிரியர் தரும் கட்டுரைப் பயிற்சியைச் சுட்டும் சொல் அது! கண்காணிக்கப்படுவோன் கட்டுரை எழுத, கண்காணிப்போன் கையெழுத்திடுகின்றான். 2011இல் அந்நிலையத்தின் மின்னிழப்பு முப்பது மணித்துளியில் முடியவில்லை, நாட்கணக்கில் நீண்டது.

நம் துறையில் இடைச்செருகல் பற்றி நெடுங்காலம் வழக்காடியுள்ளோம். ஒரு நூலுள் ஆசிரியர் அல்லாதார் பாட்டொன்று புகுந்ததென அறிந்தபின், ஏனைப் பாட்டுகளையும் ஐயக்கண்கொண்டே நோக்குகின்றோம். அதனை அறியாமை என்று எவரும் இகழ்வதில்லை. பதிப்பாசிரியரின் விழிப்பு என்றே போற்றுவர். சகுபுன் வெளிப்பட்டபின் ஒழுங்குமுறை ஆவணங்களைச் சப்பானிய மக்கள் நோக்கியதும் இம்முறையிலேதான்.

விடை மட்டுமன்றி வினாவும் செருகப்பட்டது. 2007 ஆகத்தில் அமாவோகா நிலையம் பற்றி அரசு நடத்திய கருத்தரங்கிற்கு ஆட்களைத் திரட்டுமாறும், திட்டத்திற்கு இசைவான வினாக்களை உள்ளூரார் வாயால் எழுப்புவிக்குமாறும் முகமை தன்னைக் கேட்டதாகச் சூபு மின்னாற்றல் நிறுவனம் 2011 சூலை 29இல் வெளியிட்டது. கண்காணிப்போனே கண்காணிக்கப்படுவோனிடம் இதனை வேண்டினான் என்பதை நோக்குக. இம்முகமை 2001இல் தோன்றியபோதே, அணுமின்சாரத்தை வளர்க்கும் பொருளாதார, வாணிக, தொழில் அமைச்சகத்தின் உள்ளுறுப்பாகத் தோன்றியது. அலுவலர் ஓய்வுபெற்றபின் நிறுவனங்களில் அமர்வதை ‘அமகுதாரி’, வானினின்று இறங்குதல், என அந்நாட்டார் வழங்குவர். மக்கள் வழக்கில் அங்கதம் எவ்வளவு சுருங்கிய வடிவில் நிற்கின்றது என்பதற்கு அஃதொன்றே சாலும்.

இம்மயக்கத்தைக் களைய முற்பட்டது நாடாளுமன்ற விசாரணைக் குழு. சப்பானிய நாடாளுமன்றம் அமைத்த இத்தகைய முதற்குழு அது. கியோசி குரோகாவா தலைமையில் பதின்மர் அமர்ந்து, 1,167 பேரை 900 மணி நேரத்திற்கு மேல் உசாவி, 2012 சூலை 5இல் அறிக்கை அளித்தனர். விபத்து மாந்தரால் விளைந்தது என அறிக்கை தெளிவுறுத்தியது. ஒழுங்குமுறையாளர் தொழில்நுட்ப அறிவில் பின்தங்கி, மின்நிறுவனத்தாரின் ‘தொரிகோ’ ஆயினர் என்றும் கூறிற்று. தொரிகோ என்பது சிறைப்பட்டவன் எனப் பொருள்படும். பழுது, சோதெய்காய் போன்ற சொற்களின் நடுவே இச்சொல் நிற்கும்போது அதன் நேர்மை விளங்கும். எவன் சிறை செய்தான், எவன் சிறைப்பட்டான் என்னும் இரண்டும் அதனுள் அடங்கியுள்ளன.

அறிக்கையுள் எம்மை மிகவும் ஈர்த்த பகுதி, இடம்பெயர்ந்தோர் பற்றியது. 10,633 பேர் வினாப்படிவத்திற்கு விடையளித்தனர். மார்ச்சு 11 இரவு 9.23 மணிக்கு, 3 கிலோமீட்டர் எல்லைக்குள் இருப்போர் வெளியேற ஆணை பிறந்தபோது, நிலையம் அமைந்த ஊரில் விபத்தினை அறிந்திருந்தோர் ஐவருள் ஒருவரே என அறிக்கை காட்டுகின்றது. கூற்று இன்னாரது எனத் தெளிவாக நிற்கும் பகுதி இது. மக்கள் சொன்னது மக்கள் சொன்னதாகவே உள்ளது. ஐயத்தின் வேரை அறிய விழைவோர் வேறெதனையும்விட இதனைப் படித்தல் நன்று.

ஆயின் தலைவரின் முன்னுரையில் பழைய குறை வேறு வடிவில் மீள்கின்றது. அம்முன்னுரைக்குச் சப்பானியம், ஆங்கிலம் என இரு பாடங்கள் உள. ஆங்கிலப் பாடம், இது சப்பானில் உருவாக்கப்பட்ட பேரிடர் என மொழிந்து, அதன் வேரினைச் சப்பானியப் பண்பாட்டில் காண்கின்றது: அதிகாரத்தை வினவத் தயங்குதல், பணிந்தொழுகல், கூட்டத்தோடு ஒன்றல் முதலியன. பொறுப்பாளர் இடத்தில் வேறு சப்பானியர் இருந்திருப்பினும் முடிவு இதுவேயாதல் கூடும் என்றும் சொல்கின்றது. சப்பானியப் பாடத்தில் இப்பண்பாட்டுப் பட்டியல் இல்லை. ஆண்டு அலுவலகங்களிலும் பெருநிறுவனங்களிலும் ஒரே வழியில் மேலேறி, முன்னோர் செய்ததையே செய்து, தம் அமைப்பின் நலம் காத்தலையே கடமையாகக் கொண்ட மேல்நிலையோரின் மனப்பாங்கு குற்றஞ்சாட்டப்படுகின்றது.

இவை வெறும் மொழிபெயர்ப்பு வேறுபாடுகள் அல்ல, பாடபேதங்கள். செய்யுளுறுப்புகளை எண்ணிய தொல்காப்பியர் கூற்றினையும் கேட்போரையும் களனையும் வெவ்வேறாக வைத்தார். கேட்போர் மாறின் சொல்லும் முறை மாறும் என்பதை யாமும் அறிவோம். ஆயின் ஈண்டு மாறியது முறை அன்று, வினைமுதல். உள்நாட்டார்க்கு மேல்நிலையோர் குற்றவாளிகள். வெளிநாட்டார்க்கு ஓரினம் முழுமையும் குற்றவாளி. பண்பாடே காரணமெனின் எவரையும் பொறுப்பாக்க இயலாது என அமெரிக்க அரசியலறிஞர் செரால்டு கர்டிசு 2012இலேயே மறுத்தெழுதினார். அவர் மறுப்பு தக்கதே. அதனோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றோம். பணிந்தொழுகுவோர் எனப் பட்டியலிடப்பட்ட அம்மக்களே ஒழுங்குமுறையாளர் சொல்லை மறுத்து நின்றனர். முன்னுரையின் கருத்தை மறுக்கும் சான்று அறிக்கையின் உடலிலேயே உள்ளது. இடம்பெயர்ந்தோர் பகுதியைப் படித்தார்க்கு அது விளங்கும். இரு பாடங்களுள் சப்பானியப் பாடமே சிறந்தது எனத் துணிகின்றோம்.

முகமை கலைக்கப்பெற்று, 2012 செப்டம்பர் 19இல் அணு ஒழுங்குமுறை ஆணையம், தொழில் அமைச்சகத்தினின்று பிரிந்து, தன்னுரிமையோடு தோன்றியது. அமைப்பு மாறியது பெரிது. எனினும், ஆய்வு வரைவொன்றை வெளியீட்டிற்கு முன்னரே மின்நிறுவனம் ஒன்றிற்குக் கொடுத்த அலுவலர் பொறுப்பினின்று நீக்கப்பட்டமை 2013இன் தொடக்கத்திலேயே செய்தியாயிற்று. தமிழகத்தில், புகுசிமாவிற்குப் பின் 2011இல் கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கு எதிராக இடிந்தகரை மக்கள் எழுந்தபோது, வல்லுநர் குழுவின் பணியாகப் பேசப்பட்டது மக்களின் அச்சத்தைப் போக்குதல். வினாவிற்கு விடையளித்தல் என்பதற்கும் இதற்கும் உள்ள சொல்வேறுபாடு கருதத்தக்கது.

இறுதியாக ஒரு சொல். புகுசிமாவில் தேங்கிய நீரினைத் தொடர்புடையோரின் ‘ரிகாய்’, அஃதாவது புரிதல், இன்றி அகற்றமாட்டோம் என அரசும் மின்நிறுவனமும் 2015இல் அவ்வட்டார மீனவர் சங்கத்திற்கு எழுத்தில் விடையளித்தன. தூய்மை செய்யப்பெற்ற நீர் எனப்பட்டதன் பெரும்பகுதியில் ஏனைக் கதிரியக்கப் பொருள்களும் வரம்பிற்கு மேல் எஞ்சியுள்ளமை 2018இல் வெளிப்பட்டது. மீளத் தூய்மை செய்து கடலில் விடும் திட்டத்தை ஒழுங்குமுறை ஆணையம் 2022 சூலையில் ஏற்றது. அது பன்னாட்டுப் பாதுகாப்பு நெறிகளோடு இயைந்தது என்று பன்னாட்டு அணுவாற்றல் முகமை 2023 சூலையில் கூறிற்று. அவ்வளவையை மறுக்க எம்மிடம் யாதும் இல்லை. ஆயின் மீனவர் சங்கத்தார் எதிர்ப்பைக் கைவிடவில்லை. ஓரளவு புரிதல் கிட்டிற்று என அரசு கூறியது. ஆகத்து 24இல் நீர் கடலில் விடப்பட்டது. 2015ஆம் ஆண்டு விடையில் புரிதல் தொடர்புடையோரது. எட்டாண்டு கழிந்து, அப்புரிதல் கிட்டிற்று எனக் கூறும் கூற்று அரசினது.