கணித்தது, கண்டது, வித்தியாசம்

1825-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி இரவின் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பியே கணித்துக் காட்டினார். அட்டவணை முழுவதும் அவர் மனப்பாடத்தில் இருந்தது. அந்தக் கணிப்பைப் பார்த்து எழுதித் தம் ‘கால சங்கலிதம்’ என்ற நூலில் சேர்த்தவர் ஜான் வாரன். பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஸ்பரிசத்தில் (தொடக்கம்) 4 நிமிடம், மத்தியத்தில் (நடு) 23 நிமிடம், மோட்சத்தில் (முடிவு) 52 நிமிடம் பிசகு. நம் மேடைகளில் அந்த 4 நிமிடத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் இல்லை. 52-ஐ மட்டும் எல்லோரும் சௌகரியமாக விழுங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு கதையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தீல் (1769-இல் மேகம் அவரை ஏமாற்றியது தனிக் கதை) உள்ளூர்க் கணித முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவு அந்த முறையில் 41 விநாடியே குறைந்தது. ஐரோப்பாவில் கொண்டாடப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி 68 விநாடி கூடிற்று.

உடனே ‘வென்றுவிட்டோம்’ என்கிறார்கள். லெ ஜாந்தீல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததே 1768-இல்தான். கிரகணம் நடந்து முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நடந்ததைப் பின்னால் கணித்துக் காட்டுவது சாட்சியமாகுமா? அறிவியல் தத்துவக்காரர்கள் இன்றுவரை இதில் ஒத்துப்போகவில்லை. 1919 கிரகணத்தில் விண்மீன் ஒளி வளைந்ததைப் பெரிதாக மெச்சியவர் கார்ல் பாப்பர். ஐன்ஸ்டைன் துணிந்து முன்கூட்டியே சொல்லியிருந்தார், பொய்த்திருந்தால் கோட்பாடே கவிழ்ந்திருக்கும் என்பது பாப்பரின் வாதம். ஆனால் புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை விலகும் புதிர் லெவெரியே காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. 1915-இல் அதற்கு விடை கிடைத்ததை யாரும் மட்டமாக நினைக்கவில்லை. அந்த 43-க்காக யாரும் கோட்பாட்டைத் தட்டி நிமிர்த்தவில்லை என்பதுதான் காரணம். அந்த உள்ளூர் முறையின் மனப்பாட அட்டவணைகளான நம் வாக்கியங்களும் 1765-க்குப் பல நூற்றாண்டு முன்பே முடிந்துபோனவை. அந்தக் கிரகணத்துக்கென்று யாரும் திருத்தவில்லை. ஆகவே அது சாட்சியந்தான்.

எவ்வளவு பலமான சாட்சியம் என்பது வேறு விஷயம். அதே ஊர், அதே மரபு, அறுபது ஆண்டு இடைவெளி. ஒரு தடவை 41 விநாடி, மறு தடவை மோட்சத்தில் மட்டுமே 52 நிமிடம். முன்னதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்ளாதவர் கணிதரல்லர், விசிறி.

இக்கட்டுரை எழுதுபவருக்குச் சோழி போடக் கற்றுக்கொடுத்தவர் காவிரிக்கரை வாக்கியக்காரர். நம் சபையின் மூத்தோர் அனைவரும் அவரை அறிவர். தம் பெயர் அச்சில் வரக்கூடாது என்பது அவர் கட்டளை. ராசிக்கு ஒரு வரிசை, பாகைக்கு ஒன்று, கலைக்கு ஒன்று எனத் திண்ணையில் சோழி வைப்பார். பாகை வரிசையில் கழிக்கப் போதாவிட்டால் ராசியிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு முப்பதைச் சேர்ப்பார். அப்போது மட்டும் விரல் ஒரு கணம் நின்று நகரும். அவரிடம் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் இருந்தது. அதில் மூன்று பத்திகள்: கணித்தது, கண்டது, வித்தியாசம். முதல் பத்தியை முந்தின நாளே மையால் எழுதிவிட வேண்டும், பென்சில் கூடாது. கிரகணத்தன்று வெளியே நின்று கண்டதை நாழிகை, விநாழிகையில் குறிப்பார். 1825 கிரகணத்தின் அந்த 52 நிமிடப் பிசகை ‘2 நாழிகை 10 விநாழிகை’ என்று அதே புத்தகத்தின் முதல் ஏட்டில் எழுதி வைத்திருந்தார், மூதாதை கடனை எழுதி வைப்பதுபோல.

கிரகணம் சரியாக வந்ததைக் காட்டி ஜாதக பலனையும் நம்பச் சொன்னவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. “பலிச்சது கணக்குய்யா. பலனுக்கு அது ஏன் ஜாமீன் நிக்கணும்?” என்பார்.

இந்தக் கண்டிப்பு புதிதல்ல. ஆலத்தூர் பரமேசுவரர் 55 ஆண்டு கிரகணங்களைப் பார்த்துப் பார்த்தே 1431-இல், வானத்தில் கண்டதோடு ஒத்துவரும்படி திருக்கணிதத்தை வகுத்தார். அவர் மகன் தாமோதரரிடம் பயின்ற நீலகண்ட சோமயாஜி, சித்தாந்தங்கள் முரண்படும்போது வானத்தோடு ஒத்துப்போவதையே கொள்ள வேண்டும் என்று 1504-இல் ‘ஜ்யோதிர்மீமாம்ச’த்தில் வாதாடினார். மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்தபடி 1867-இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தைத் திருத்தச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டையில் பாதி, சோதிக்க முடியாத இடத்தில் நடக்கிறது. ராசி எங்கே தொடங்குகிறது என்பது அயனாம்ச முடிவு; வானத்தில் கோடு போட்டிருக்கவில்லை. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 29-3-2025, வாக்கியப்படி 6-3-2026 என்று பதினொரு மாதம் விலகியபோது இரு தரப்பும் அயனாம்சத்துக்குள் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. 2020 டிசம்பர் 21 மாலை அந்த இடமில்லை. குருவும் சனியும் பாகையில் பத்தில் ஒரு பங்கு தூரத்தில், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் மேற்கே நின்றதை உலகமே பார்த்தது. இரண்டு கிரகங்களுக்கு இடையிலான தூரத்தில் அயனாம்சம் கழிந்துபோகும். வாக்கியப்படி குரு நவம்பர் 15-லேயே மகரத்துக்குப் போய்விட்டது. சனி டிசம்பர் 27-ஆம் தேதி வரை தனுசை விடவில்லை. ஆக, அந்தக் கணக்கில் அன்று இரண்டும் ஒட்டி நிற்க வழியில்லை. இக்கட்டுரையாளரும் வாக்கியப் பிள்ளைதான். இருந்தாலும் அன்று தோற்றது நம் தரப்பு. திருநள்ளாற்றுச் சனி கோயில் எந்த நாளில் பெயர்ச்சி விழா எடுப்பது என்பது கோயில் மரபு. அதில் தோல்வி என்ற பேச்சே எழாது.

இன்றைய நிலை பற்றி இந்தச் சபை மலரின் குழு பக்குவமாக எழுதச் சொல்லியிருக்கிறது. எல்லோரையும் சொல்லவில்லை, பொறுப்பானவர்கள் சிலர் இருக்கிறார்கள். மற்றபடி, இப்போது பஞ்சாங்கம் போடுகிற அன்பர்கள் சிலருக்கு வாக்கியம் ஒன்றுகூட வாயில் வராது. கணினி கொடுத்ததை அப்படியே எடுத்து, தாத்தா படத்தைப் போட்டுப் ‘பரம்பரைக் கணிதம்’ என்கிறார்கள். சென்னை உதயத்தை வைத்துத் தென்காசிக்கும் ராகுகாலம் சொல்கிறார்கள். சுத்த வாக்கியம் என்று அட்டையில் போட்டுவிட்டுக் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து ஓசைப்படாமல் கடன் வாங்குகிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. பொய்க்கிற வாய்ப்பையே எடுத்துவிட்டால், பலித்தது எதற்குச் சாட்சி? மழை பலனோ, ‘சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் பெய்யும்’. பெய்யாமல் எப்படிப் போகும்? தாளும் மட்டம், எழுத்தும் பொடி. ஆவணி மாதத் திதிப் பக்கத்தில் பாதியை நகைக்கடை பிடித்துக்கொள்கிறது. போன வருஷக் கணிப்பில் எவ்வளவு பிசகிற்று என்று ஒரு வரி போட மட்டும் இடமில்லை.

2027 ஆகஸ்ட் 2 சூரிய கிரகணம் நமக்குப் பகுதியாகத் தெரியும். இரு தரப்பாரும் சொந்தக் கணக்கை முன்கூட்டியே எழுதிச் சபைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், கண்டதையும் வித்தியாசத்தையும் அடுத்த மலரில் போட வேண்டும் என்று மூத்தோர் கேட்டிருக்கிறார்கள். குழு இரண்டு பக்கம் ஒதுக்க இசைந்திருக்கிறது. விளம்பரம் கூடினால் ஒரு பக்கம்.